சிவப்பு மையில் இருந்த பெயர்

பேப்பர் கட்டைப் பிரித்துவிட்டார்கள், கவியா. மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கூட்டத்தை இடித்துக்கொண்டு பக்தவச்சலம் மாமாவின் பேப்பர் கடைக்கு நான் ஓடிச் சேர்ந்தபோது, எங்கள் கட்டின் சணல் கயிறு அறுபட்டுக் கீழே கிடந்தது. என் செருப்பில் ஒன்று பஸ்ஸிலேயே வார் பிய்ந்துபோயிருந்தது. ஒரு காலை இழுத்துக்கொண்டேதான் ஓடினேன்.

“இன்னா ஜெனி, ஸ்கூலு இல்ல?” என்றார் மாமா.

“மாமா, பேப்பரு வித்துட்டீங்களா?”

“வந்தே அரமணி நேரந்தான் ஆவுது. அதுக்குள்ள வித்துத் தீர இது இன்னா மொத நாள் சினிமா டிக்கெட்டா?”

“அப்ப எல்லாத்தையும் திருப்பிக் குடுங்க. ஒண்ணு கூட வெளிய போவக் கூடாது.”

“ஏன், எவனாவது கேஸு போட்டுட்டானா? உங்க அப்பனுக்கு இது புதுசா?” என்று சிரித்துக்கொண்டே அடுக்கி வைத்திருந்ததை எடுத்து என் கையில் வைத்தார். கட்டு கொஞ்சம் இளைத்திருந்தது.

“வெள்ளித்திட்டுக்குப் போறது எங்க மாமா?”

“அது அப்பவே பூட்ச்சே. பால் வண்டிக்காரன் தூக்கினு பூட்டான்.”

கடை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாமா பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

வெள்ளித்திட்டு நெம்மேலிக்குப் பக்கத்தில் இருக்கும் மீனவர் குப்பம். அங்கே வாரம் பத்துப் பிரதி போகும். இந்த வாரப் பேப்பரின் ஏழாம் பக்கத்தில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் அந்த ஊருக்குள் போகக் கூடாது. பதினாறு வருஷமாக அப்பா யாரிடமும் சொல்லாமல் காப்பாற்றி வைத்திருந்த பெயர் அது. அதை அச்சில் ஏற்றியவள் நான்.

ஏன் ஸ்கூலுக்கு வரவில்லை, ஏன் போன் எடுக்கவில்லை என்று ஏழு மெசேஜ் போட்டிருக்கிறாய். இப்போது ராத்திரி மணி ஒன்றரை. அப்பா அடுத்த அறையில் தூங்குவதுபோல் படுத்திருக்கிறார். பேசினால் கேட்டுவிடும். அதனால் எழுதுகிறேன். காலையில் எழுந்ததும் படித்துவிடு. ரொம்ப நேரம் இல்லை.

எங்கள் பத்திரிகை உனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் அலமாரிக்கு விரிப்பதற்கு வாங்குவீர்களே, அதுதான், ‘பாலாற்றுச் சேதி’. எட்டுப் பக்கம், சனிக்கிழமை தேதி போட்டு வெள்ளிக்கிழமையே பஸ்ஸில் ஏறிவிடும். இந்த வருஷத்தோடு முப்பது வருஷம். அப்பா படாளத்துக் காலனியிலிருந்து செங்கல்பட்டுக்கு வந்து, அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலையில் இருந்தவர். கூட வேலை பார்த்த கலைவாணன் மாமாவோடு சேர்ந்து ராத்திரியில் அதே அச்சகத்தில் சொந்தமாக நாலு பக்கம் போட்டதுதான் தொடக்கம். முதல் இதழில் ‘அமைச்சர் வருகை’ என்று வர வேண்டியது ‘அமைச்சர் வறுகை’ என்று வந்துவிட்டது. அமைச்சரை எந்த எண்ணெயில் வறுத்தார்கள் என்று கேட்டு பதினொரு கார்டு வந்ததாம். அந்தப் பதினொரு பேரும் சந்தா கட்டினார்கள் என்று அப்பா இன்னும் சொல்லுவார்.

முப்பதாம் ஆண்டு இதழுக்குப் பத்திரிகையின் வரலாற்றை நீதான் எழுத வேண்டும் என்று அப்பா என்னிடம் சொன்னார். அவருக்குப் போன வாரம் கண்ணில் ஆபரேஷன். கட்டுப் போட்டிருக்கிறார்கள், பத்து நாளைக்கு எதையும் படிக்கக் கூடாது. நான் பழைய இதழ்களை பைண்ட் செய்த கோப்புகளிலிருந்து எடுத்து எழுதி, அவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், திருத்தினார், வறுகைக்குச் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

பக்கமெல்லாம் முடிந்த பிறகு வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு துணிக்கடையின் வாழ்த்து விளம்பரம் வராமல் போனது. ஏழாம் பக்கத்தில் கால் பக்கம் வெள்ளையாக நின்றது. மாத்திரை போட்டுக்கொண்டு அப்பா தூங்கிவிட்டார். அச்சகத்தில் இருந்து போன் மேல் போன். ‘சேதியை வளர்த்தவர்கள்’ என்று ஒரு பெட்டி போட்டு, கோப்புகளில் இருந்து பெயர்களை எடுத்து அடுக்கினேன்.

2010-ம் வருஷக் கோப்பில் ‘கரைக்கடிதம்’ என்று நாலு வாரம் ஒரு தொடர் வந்திருந்தது. கீழே ‘அலைவாசி’ என்று போட்டிருந்தது. அந்த ‘அலைவாசி’யை அப்பா சிவப்பு மையால் அடித்து, மேலே ‘ஆதியம்மாள், வெள்ளித்திட்டு’ என்று எழுதியிருந்தார்.

எங்கள் வீட்டில் சிவப்பு மை என்றால் ஒரே அர்த்தம்தான், கவியா. அப்பா ஒரு சொல்லை அடித்து மேலே வேறு சொல் எழுதினால், கேள்வி கேட்காமல் மாற்ற வேண்டும். ஆறாவதில் இருந்து அவர் புரூஃப் பார்த்துத் தர, நான் கம்ப்யூட்டரில் திருத்திக்கொண்டு வருகிறேன். என் கை தானாகச் செய்யும். இதையும் செய்தது. ‘2010: கரைக்கடிதம் எழுதியவர் வெள்ளித்திட்டு ஆதியம்மாள். வெள்ளித்திட்டு கடற்கரை கைமாறாமல் காத்த எழுத்து’ என்று அடித்தேன். அச்சகத்துக்கு அனுப்பினேன்.

இன்று காலையில் அப்பாவுக்கு நாஸ்தா வைத்துவிட்டு, அச்சாகி வந்த பேப்பரை முதல் பக்கத்தில் இருந்து படித்தேன். இந்தப் பெட்டியைப் பார்த்து அசந்துபோவார் என்று கடைசியில் வைத்திருந்தேன்.

படித்து முடித்தேன். அப்பா கையில் இட்லி அப்படியே இருந்தது.

“மறுபடி படி,” என்றார்.

படித்தேன்.

“யாரு பேரு சொன்ன?”

“ஆதியம்மாள். நீங்கதானப்பா திருத்தியிருந்தீங்க.”

“திருத்தல ஜெனி. எழுதி வெச்சேன். நான் பொட்டுனு பூட்டா இது யாரு செஞ்சாங்கன்னு தெரியாமப் பூடக் கூடாதேன்னு, ஆபீஸ் காப்பில மட்டும் எழுதி வெச்சேன்.”

அப்பாவை போலீஸ் கூட்டிக்கொண்டு போனபோது பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் கண்ணாடியை ஆள் வைத்து உடைத்தபோதும் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் அவர் குரல் ஏறும். இன்று இறங்கிக்கொண்டே போனது.

“கட்டெல்லாம் ஏறிட்ச்சா?”

“ஏழு மணிக்கே ஏறிட்டுது.”

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் போடும் பிடிஎஃப்பை நான் உடனே அழித்தேன். மற்ற ஊர் ஏஜென்டுகளுக்கு அப்பா நம்பர் சொல்லச் சொல்ல நான் போன் போட்டுக் கொடுத்தேன். மதுராந்தகத்திலும் படாளத்திலும் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, அங்கே ஆபத்து இல்லை என்றார். பக்தவச்சலம் மாமா மட்டும் எடுக்கவே இல்லை. அம்மா விடியற்காலையிலேயே சிறுசேரிக்கு கம்பெனி வண்டி ஏறிப் போய்விட்டாள். கட்டுப் போட்ட கண்ணோடு அப்பா போக முடியாது. நான்தான்.

செருப்பு மாட்டும்போது அப்பா வாசலில் நின்றபடி விஷயத்தைச் சொன்னார். வெள்ளித்திட்டில் படகுகளை இழுத்து நிறுத்தும் மணல்மேட்டை ஒரு ரிசார்ட்டுக்கு விட்டுக்கொடுக்க ஊர்ப் பெரியவர்கள் சிலர் மூடிய கதவுக்குள் முடிவு செய்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பெண்கள் உட்கார முடியாது. டீ கொண்டுபோய்க் கொடுத்தவர் ஆதியம்மாள். கேட்டதையெல்லாம் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு மீன் விற்க வரும்போது அப்பாவிடம் கொடுத்திருக்கிறார். பேப்பரில் வந்ததும் அதிகாரிகள் வந்து அளந்தார்கள். இடம் தப்பியது. படகுகள் இன்றைக்கும் அங்கேதான் நிற்கின்றன.

ஆனால் உள்ளே பேசியதை வெளியே சொன்னது யார் என்று ஊர் தேடியது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் இடத்தைக் கொடுக்கக் கூடாது என்று சண்டை போட்டிருந்தார். ராமதாஸ். அவர்தான் என்று முடிவு கட்டி, இரண்டு வருஷம் ஊரை விட்டு ஒதுக்கி வைத்தார்கள். அவர் மீனை யாரும் ஏலம் எடுக்கக் கூடாது, அவர் வீட்டோடு யாரும் பேசக் கூடாது. அவர் காசிமேட்டுக்குப் போய் அடுத்தவன் விசைப்படகில் கூலிக்கு ஏறினார். கயிறு இழுக்கும் இயந்திரத்தில் சிக்கி வலது கையில் இரண்டு விரல் போனது.

“அவரு இல்லன்னு ஊருல போய்ச் சொன்னேன் ஜெனி. அப்ப யாருன்னு கேட்டாங்கோ. நான் வாயத் தொறக்கல. அந்தம்மாவுக்கு வாக்கு குடுத்திருந்தேன். ஓடு. அந்தப் பத்தையும் எடுத்துனு வந்துடு.”

அப்படித்தான் நான் மாமல்லபுரத்துக்கு ஓடியது. பக்தவச்சலம் மாமாவின் கடையில் எழுந்து நின்று, அவர் கொடுத்த பேப்பரையெல்லாம் ஸ்கூல் பையில் திணித்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். ஈசிஆரில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்கும் பிளான்ட்டின் மதில் முடியவே இல்லை. “அண்ணா, சீக்கிரம் போங்க” என்று நான் மூன்றாவது முறை சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்து, “இன்னா பாப்பா, கடல எவனாவது தூக்கினு போவப் போறானா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

வெள்ளித்திட்டு ஏலக்கூடத்தில் மீன் ஏலமெல்லாம் முடிந்து ஆண்கள் வலையோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு அண்ணன், இருபத்தைந்து இருபத்தாறு வயசு இருக்கும், எங்கள் பேப்பரை விரித்துச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் பேப்பரை யாரும் தனியாகப் படிப்பதில்லை, ஒருவர் படிக்க எல்லோரும் கேட்பார்கள். இது எனக்குத் தெரியாது. நான் கூடத்துக்குள் கால் வைத்தபோது எல்லோரும் வாய் விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ‘அமைச்சர் வறுகை’ படித்திருக்கிறார். அது ஆறாம் பக்கத்தில் கடைசிப் பத்தி.

“அடுத்த பக்கத்தத் திருப்பு மச்சான். இப்பவே படிச்சுக்கோ. அடுத்த மாசம் கல்யாணம் ஆயிட்டா வாயே தொறக்க முடியாது உன்னால,” என்றார் ஒருவர்.

அந்த அண்ணன் எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

“அண்ணா, படிக்காதீங்க!”

நான் கத்திவிட்டேன். கூடமே என்னைப் பார்த்தது. வார் பிய்ந்த செருப்போடு, வேர்த்து வழிந்து, பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். நான் பேப்பர் ஆபீஸ், ஏழாம் பக்கத்து விளம்பரத்தில் போன் நம்பர் தப்பாக வந்துவிட்டது, எல்லாப் பிரதியையும் திருப்பி எடுக்கச் சொன்னார்கள்.

“யாரு நம்பரு வந்துகீது?”

“யாரோ… ஒரு பொண்ணு நம்பர்.”

“அப்ப அந்த ஒரு பக்கத்த மட்டும் குட்த்துட்டுப் போ தங்கச்சி,” என்று ஒருவர் சொல்ல, மறுபடி சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் என்னைக் காப்பாற்றியது. படித்துக்கொண்டிருந்த அண்ணன் தன் கையில் இருந்ததை மடித்துக் கொடுத்தார். மூலையில் கட்டாகக் கிடந்த மீதியையும் அவரே எடுத்துத் தந்தார். பத்தும் இருந்தது.

“எங்க நைனாவுக்குத் தனியா ஒண்ணு போஸ்ட்ல வருமே, அதுவும் தப்பு நம்பர் தானா?” என்றார்.

“உங்க நைனா யாரு?”

“ராமதாஸு. நான் அரசு. உங்க பேப்பர்ல இருந்து நைனாவுக்கு வாராவாரம் சும்மாவே அனுப்பறாங்களே, உனக்குத் தெரியாதா?”

தெரியும், கவியா. ‘ராமதாஸ், வெள்ளித்திட்டுக் குப்பம்’ என்ற முகவரிச் சீட்டை நாலு வருஷமாக நான்தான் ஒட்டுகிறேன். இன்று விடியற்காலையிலும் ஒட்டி, ஸ்டேஷன் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். காலையில் அப்பா ராமதாஸ் என்று சொன்னபோது எனக்கு அந்தச் சீட்டு ஞாபகம் வரவில்லை. அப்பாவுக்கும் வரவில்லை. பஸ்ஸில் போனதையே நினைத்துக்கொண்டிருந்தோம்.

“எப்பண்ணா வரும்?”

“நாளிக்குக் காலைல பத்து பத்தரைக்கு போஸ்ட்மேன் வருவாரு. நைனா அது வர்ற வரைக்கும் டீ கூடக் குடிக்காது.”

நான் ஆதியம்மாள் வீடு எது என்று கேட்டேன். கூடத்தில் எல்லோரும் ஓவென்று கூவினார்கள். அரசு அண்ணனின் முகம் சிவந்தது.

“எங்க மாமியார் வூடா? வா, நானே இட்டுனு போயி வுடறேன்.”

அவருக்குக் கல்யாணம் ஆகப்போவது ஆதியம்மாளின் மகள் வினிதாவோடு.

வீட்டு வாசலில் அந்த அம்மா கருவாட்டுக்கு மீனைக் கீறி உப்புத் தடவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயசு இருக்கும். “இன்னாடா, கல்யாணத்துக்கு முன்னால இந்த வாசல்ல சும்மா சும்மா வந்து நிக்காதன்னு எத்தினி தபா சொல்றது?” என்று அரசு அண்ணனை விரட்டினார். அவர் போன பிறகு நான் யார் என்று சொன்னேன். ஏழாம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். தன் பெயரில் விரலை வைத்தார்.

“எம் பேரு அச்சுல வந்ததே இல்ல கண்ணு. ரேஷன் கார்டுல கூட ஆதிலட்சுமின்னு தப்பாத் தான் கீது.”

ஒரு நொடி அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் பார்த்தேன். பிறகு முகம் அப்படியே வெளுத்தது. பேப்பரை நாலாக மடித்து, எட்டாக மடித்து, என் பைக்குள் அவரே திணித்தார்.

“யாரு பாத்தாங்கோ?”

“யாரும் பாக்கல அத்த. ஆனா ராமதாஸ் மாமாவுக்கு நாளைக்குத் தபால்ல வந்துடும். நான்தான் போட்டேன். என்னை மன்னிச்சிடுங்க.”

அவர் திட்டவில்லை. மீனைக் கீறுகிற கத்தியை எடுத்துக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார், வைத்தார்.

“அந்தாள ஒதுக்கி வெச்சப்போ வினிதா கைப்புள்ள மாதிரி ஆறு வயசு. ஒதுக்கச் சொன்னதுல எம் புருஷனும் ஒரு ஆளு. நான்தான்னு சொல்லியிருந்தா என்னிய எங்க நிக்க வெச்சிருப்பாங்கோ? இன்னிக்குச் சொல்லலாம், நாளிக்குச் சொல்லலாம்னு பாத்தேன். அவரு காசிமேட்டுக்குப் பூட்டாரு. வெரலு போச்சுன்னு சேதி வந்துது. அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சினு சொல்றது? எம் புருஷன் செத்தப்போ மொத ஆளா வந்து பாடைல கை வெச்சாரு கண்ணு, மூணு வெரலு இருக்கிற கைய.”

அப்போது வேலிப் பக்கம் இருமல் கேட்டது.

“தங்கச்சி, பத்திரிகைக் கட்டு வந்துட்ச்சா? எங்க பக்கத்துச் சொந்தத்துக்கு நாப்பது தனியா எடுத்து வெய்யி.”

கல்யாணப் பத்திரிகையைக் கேட்கிறார். எனக்கு ஒரு நொடி எங்கள் பத்திரிகை என்றே காதில் விழுந்தது, உயிரே போய்விட்டது. ராமதாஸ் உள்ளே வந்தார். ஒல்லியான ஆள், நரைத்த தாடி. வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார்.

“இது யாரு பொண்ணு?”

நானே சொன்னேன், ‘பாலாற்றுச் சேதி’ சாலமோன் மகள் என்று. அவர் முகம் மலர்ந்துவிட்டது, கவியா. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

“அடடே, சாலமோன் சார் பொண்ணா? உக்காரு பாப்பா, உக்காரு. இந்த ஊரே நான்தான்னு சொன்னப்போ, ராமதாஸ் இல்லன்னு நெஞ்ச நிமித்திச் சொன்ன ஒரே ஆளு உங்கப்பன்தான். ஆபரேசன்னு பேப்பர்ல பாத்தேன், அவரு கண்ணு எப்பிடி கீது?” பிறகு என் மடியில் இருந்த பையைப் பார்த்தார். “பையில இந்த வாரத்துதா? முப்பது வருசக் கதை போட்டுக்கீறீங்களாமே. ஒண்ணு குடு. நாளி வரைக்கும் எதுக்குக் காத்துனு கெடக்கணும்?”

என் கை ஜிப்பின் மேல் இருந்தது. அவர் இடது கையை நீட்டினார்.

“இதுல… பக்கம் மாறி வந்துடுச்சு மாமா. படிக்க முடியாது.”

“பரவால்ல, நாளிக்குப் போஸ்ட்ல நல்லது வரும்ல, பாத்துக்கறேன்.” நீட்டிய கையை இறக்கினார். “எங்க ஊரு சங்கதி வந்துகீதா அதுல? கடுதாசி எழுதனது யாருன்னு போட்டுக்கீறாரா உங்கப்பன்?”

நான் ஆதியம்மாளைப் பார்க்கவில்லை. தரையில் இருந்த உப்பைப் பார்த்தேன்.

“திட்டறதுக்கு இல்ல பாப்பா. அவன் நல்லதுதான் செஞ்சான். படகு நிக்குதே, அதப் பாக்கும்போதெல்லாம் நெனச்சுக்குவேன். ஆனா ரெண்டு வருசம் என் வூட்டுப் பக்கமா போயி வந்துகினு இருந்திருப்பான் இல்ல? எம் புள்ள டியூப்லைட் வெளிச்சத்துல தனியா வெளயாடறதப் பாத்திருப்பான் இல்ல? அந்த மூஞ்சி எதுன்னு தெரிஞ்சுகினா, ராவுல தூக்கம் வரும் எனக்கு. அவ்ளோதான்.”

“டீ குடிக்கறியாண்ணே?” என்றார் ஆதியம்மாள். குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல இருந்தது.

“வேணாம்மா. அந்த நாப்பத எடுத்து வெய்யி, அது போதும்.” போய்விட்டார்.

மீன் மேல் ஈ உட்கார்ந்தது. ஆதியம்மாள் விரட்டவில்லை.

“திட்ட மாட்டேன்னு சொல்றாரே அத்த,” என்று நான்தான் தொடங்கினேன்.

“யாருன்னு தெரியாத வரைக்கும் அப்பிடித்தான் சொல்லுவாரு. சம்பந்தின்னு தெரிஞ்சா? வினிதா அந்த வூட்டுக்கு வாழப் போறா. அவ போட்டுத் தர்ற சோத்த அவரு எப்பிடித் திம்பாரு? ஊருல விசயம் பரவிச்சுன்னா பெருசுங்க சும்மா இருப்பாங்களா? செத்தவன் பேரையும் இழுப்பாங்கோ.” பிறகு என் கையைப் பிடித்தார். உப்பும் செதிலும் ஒட்டிய கை, ஐஸ் மாதிரி இருந்தது. “போஸ்ட்மேன் மெயின் ரோட்டு முனையில சைக்கிள நிறுத்துவாரு. சம்பந்தி வூட்டுதுன்னு சொன்னா எங்கிட்டயே குட்த்துடுவாரு. அடுப்புல போட்டுட்டா முடிஞ்சுது. பதினாறு வருசம் மறைச்சவளுக்கு இன்னும் ஒரு நாளு மறைக்கத் தெரியாதா?”

“அப்ப வாங்கிடுங்க அத்த,” என்றேன் உடனே. எனக்குத் தப்பித்தால் போதும் என்று இருந்தது.

“அவரு இப்ப பேசினத நீயும் கேட்டியே கண்ணு. கேட்டப்பறம் வாங்க முடியுமா? நானா போயிச் சொல்லவும் எனக்கு வாய் வரல. பேப்பரே சொல்லிட்டா நல்லதுன்னு கூடத் தோணுது. வேணாம்னும் தோணுது. உங்கப்பனாண்ட கேளு. காலைல ஒம்போதரைக்கு போன் பண்ணு. வாங்குன்னா வாங்கறேன். வுடுன்னா வுட்டுர்றேன். நீங்க சொல்றதுதான்.”

தன் நம்பரை எனக்குச் சொன்னார். வினிதா வரும் சத்தம் கேட்டதும் என்னைப் பின்பக்கமாக அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தபால் பிரதி என்றதும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். ராமதாஸ் சொன்னதைச் சொன்னபோது கட்டுக்குக் கீழே தண்ணீர் வழிந்தது. டாக்டர் அழக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

“பேர சொல்ல மாட்டேன்னு அந்தம்மாவுக்கு வாக்கு குட்த்தேன். அவருக்கு ஒண்ணும் குடுக்கல. வாரம் ஒரு பேப்பரு குட்த்தேன், அவ்ளோதான்,” என்றார்.

“அப்ப இன்னா சொல்லட்டும்பா?”

“நான் வாங்குன்னு சொன்னா, அவர மறுபடி நானே ஒதுக்கி வெச்ச மாதிரி. வுடுன்னு சொன்னா, அந்தம்மாவ நானே காட்டிக் குட்த்த மாதிரி. எனக்குத் தெரியல ஜெனி. சத்தியமாத் தெரியல.”

எனக்குத் தெரியல என்று அப்பா சொல்லி நான் கேட்டதே இல்லை. எந்தச் செய்தி போகலாம், எது போகக் கூடாது என்று அரை நிமிஷத்தில் சொல்லிவிடுகிறவர். ராத்திரி அம்மா வந்து கேட்டாள், அவளிடமும் சொன்னோம். அவள் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள்.

பையில் இருந்த பேப்பரையெல்லாம் கொல்லையில் எரித்துவிட்டேன். விரலெல்லாம் கரி. அந்த ஒன்று மட்டும் இந்நேரம் ஏதோ ஒரு தபால் பையில், நான் ஒட்டிய சீட்டோடு, வெள்ளித்திட்டுப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். கண்ணை மூடினால் அந்த நீட்டிய இடது கை வருகிறது. திறந்தால் ஆதியம்மாளின் நம்பர் போனில் இருக்கிறது.

ஒன்பதரைக்கு நான் போன் போட வேண்டும். அப்பா பேச மாட்டார், அது எனக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் பேச வேண்டும். அந்த அம்மா ‘வாங்கட்டா, வுடட்டா?’ என்று கேட்பார்.

கவியா, நான் என்ன சொல்லட்டும்?